காலையில் ஜெல் வைக்கிறார்கள், ராத்திரி சாப்பிடலாமா?

சிஸ்டரிடம் கேளுங்கள்: அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர், கோவில்பட்டியிலிருந்து பதில் சொல்கிறார்.

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எனக்கு 40 வாரம் முடிந்து 5 நாள் ஆகிறது. முதல் பிரசவம். இன்னும் வலி வரவில்லை. புதன்கிழமை காலை 7 மணிக்கு வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். ஜெல் வைத்து வலி வரவைப்பார்களாம். "முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடாதீங்க, தண்ணிகூட வேண்டாம்" என்று ஃபைல் கொடுத்த பெண் சொன்னார். என் அம்மாவோ, "முக்குறதுக்குத் தெம்பு வேண்டாமா, நல்லா சாப்பிட்டுப் போ" என்கிறார். அத்தை காலையில் நெய் சோறு பிசைந்து தருவதாகச் சொல்கிறார். லண்டனில் இருக்கும் நாத்தனார், அங்கே பிரசவ அறையில் ரொட்டியே சாப்பிட்டதாகச் சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
வாசகி, ராஜபாளையம்

பதில்: இந்தப் பதில் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது பிள்ளைக்குப் பேரே வைத்து முடித்திருப்பீர்கள். அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். அன்றைக்கு ஐந்து நிமிஷத்தில் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இந்த மாதம் மட்டும் நாலு கடிதம்.

நான் உங்களிடம் முதலில் கேட்டது ஒன்றுதான். உங்களுக்கு ஆபரேஷனுக்கு நேரம் குறித்திருக்கிறார்களா, வலி வரவைக்கப் போகிறார்களா? "ஜெல்தான் சிஸ்டர்" என்றீர்கள். அப்படியானால் ஃபைல் கொடுத்த பெண் சொன்னது ஆபரேஷனுக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது. அந்த மேஜையில் இருப்பவர்களுக்கு அது மனப்பாடம், காலை 7 மணிக்கு வரச் சொன்ன எல்லோரிடமும் அதையே ஒப்பித்துவிடுவார்கள். மறுபடி ஃபோன் போட்டு, டாக்டரிடமோ வார்டு சிஸ்டரிடமோ, "ஜெல் வைக்கத்தானே வர்றேன், காலையில இட்லி சாப்பிட்டு வரலாமா?" என்று நேராகவே கேளுங்கள் என்றேன். கேட்டீர்கள். "ரெண்டு இட்லி சாப்பிட்டு வாம்மா" என்று பதில் வந்தது. பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

ஜெல் வைத்த உடனே பிள்ளை பிறந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஜெல்லின் வேலை வலியைக் கொண்டுவருவதற்கு முன்னாலேயே தொடங்குகிறது. கெட்டியாக மூடியிருக்கும் கர்ப்பப்பை வாயை அது முதலில் பதமாக்க வேண்டும். ஒரு தடவை வைத்துவிட்டு 6 மணி நேரம் பார்ப்பார்கள். பதமாகவில்லை என்றால் மறுபடி வைப்பார்கள். சில இடங்களில் ஜெல்லுக்குப் பதிலாகச் சின்ன பலூன் குழாய் வைத்து, அது தானாக விழும்வரை காத்திருப்பார்கள். சில இடங்களில் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரை கொடுப்பார்கள். அதற்கெல்லாம் அப்புறம்தான் ட்ரிப்ஸில் வலி மருந்து. முதல் பிரசவத்தில் இதெல்லாம் சேர்ந்து ஒரு பகல், ஒரு ராத்திரி, சில பேருக்கு அடுத்த பகலும் ஆகும். செவ்வாய் ராத்திரி 10 மணியிலிருந்து வாயைக் கட்டினால், வியாழக்கிழமை முக்க வேண்டிய நேரத்தில் உடம்பில் என்ன மிச்சம் இருக்கும்?

சரி, அப்படியென்றால் இந்த வெறும் வயிற்றுச் சட்டம் எங்கிருந்து வந்தது? 1946-இல் நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற பிரசவ டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். 1932-லிருந்து 1945 வரை தன் மருத்துவமனையில் நடந்த 44,016 பேறுகாலக் கணக்கை எடுத்துப் பார்த்தார். அதில் 66 பேருக்கு, மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருந்தது மேலே ஏறி நுரையீரலுக்குள் போயிருந்தது. 2 பேர் இறந்துபோனார்கள். இரண்டு பேருக்கும் சோறு கறி மாதிரி கெட்டியான உணவு மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குப் புளித்த வயிற்று நீர் நுரையீரலைப் புண்ணாக்கியிருந்தது. அந்தப் புளிப்புதான் காரணம் என்பதை முயல்களை வைத்துச் சோதித்தும் காட்டினார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பிரசவம் எப்படி என்று யோசித்துப் பாருங்கள். முகத்தில் மாஸ்க்கை வைத்து ஈதரையோ வாயுவையோ கொடுத்து ஆளையே தூங்க வைத்துவிடுவார்கள். தொண்டையில் குழாய் போட்டு மூச்சுப் பாதையைக் காப்பாற்றும் வழக்கம் அப்போது பிரசவத்தில் இல்லை. இப்போது சிசேரியன் என்றாலே பெரும்பாலும் முதுகில் ஊசி. தாய் முழித்துக்கொண்டு, "என்ன பிள்ளை சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். முழித்திருக்கிறவருக்கு வாந்தி வந்தால் தலையைத் திருப்பித் துப்பிவிடுவார். முழு மயக்கம் கொடுத்தாலும் குழாய் இருக்கிறது, உறிஞ்சும் மெஷின் இருக்கிறது, வயிற்றுப் புளிப்பைக் குறைக்க முன்கூட்டியே போடும் ஊசியும் இருக்கிறது. மாஸ்க் காலம் போய்விட்டது, மாஸ்க் காலத்துச் சட்டம் மட்டும் நிறைய வார்டுகளில் அப்படியே நிற்கிறது.

அதற்காக வயிறு நிறையச் சாப்பிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பிணியின் வயிறு சாதாரண வயிறு இல்லை. கர்ப்பப்பை இரைப்பையை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வால்வை ஹார்மோன் தளர்த்தி வைத்திருக்கும். நெஞ்செரிச்சல் வந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நல்ல வலி பிடித்த பிறகு இரைப்பை காலியாவதும் மெதுவாகிவிடும். வலி தெரியாமல் இருக்கப் பெத்தடின் மாதிரி ஊசி போட்டால் இன்னும் மெதுவாகும். ராத்திரி சாப்பிட்டது விடிகாலையிலும் அப்படியே கிடக்கலாம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. ஒரு நைட் டியூட்டியில் வேனில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பனிக்குடம் உடைந்து, தொப்புள்கொடி பிள்ளைக்கு முன்னால் வெளியே வந்துவிட்டது. அந்த நிலைமையில் நிமிஷக் கணக்குதான். முதுகில் ஊசி போட நேரமில்லை, முழு மயக்கம். அந்தப் பெண் கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று மயக்க டாக்டர் கத்திக் கேட்கிறார், அவள் புருஷன் கதவுக்கு வெளியே நின்று, "ஒம்பது மணிக்கு மூணு பரோட்டா சார்" என்கிறான். குழாய் போடும்போதே எல்லாம் மேலே ஏறிவிட்டது. உறிஞ்சும் குழாயில் பரோட்டாத் துணுக்கு போய் அடைத்துக்கொள்ள, அதைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி மாட்டினேன். என் கை நடுங்கியது. தியேட்டர் முழுக்கச் சால்னா வாசனை. பிள்ளை அழுதது. தாயைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மூச்சு மெஷினில் வைத்து, அப்புறம் பிழைத்து வந்தாள். அதற்குப் பிறகு பல மாதம் எனக்குப் பரோட்டாக் கடைப் பக்கம் நடக்கவே பிடிக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அது என்னுடைய பிரசவம். 1989. எங்கே என்று சொல்ல மாட்டேன், நானும் அதே இலாகாவில் சம்பளம் வாங்கியவள்தான். சாயங்காலம் 6 மணிக்கு வலி பிடித்தது. மறுநாள் மத்தியானம் 1 மணிக்குத்தான் மகன் பிறந்தான். 19 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சித்திரை மாசம், மேலே ஓடிய ஃபேனும் அனல்காற்றுதான். உதடு பல்லில் ஒட்டிக்கொண்டது, பிரிக்க நாக்கில் எச்சில் இல்லை. ஆயாம்மா ஒருத்தர் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டார். நான் அந்தப் பஞ்சை உதட்டால் கவ்வி உறிஞ்சினேன். "விடு சிஸ்டர், பஞ்சு உள்ள போயிரும்" என்று இழுத்தார். நான் விடவில்லை. எத்தனை பேருக்கு, "ஒண்ணும் குடிக்கக் கூடாது, அமைதியா படு" என்று சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பதில் இருக்கிறது. பிற்பாடு வந்த ஆராய்ச்சிகளும் அதையேதான் சொல்கின்றன. லண்டனில் முதல் பிரசவத்துக்கு வந்த ஏறக்குறைய 2,400 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரொட்டி, பழம், சூப், தயிர் மாதிரி லேசான சாப்பாடும், மறுபாதிக்கு வெறும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-இல் முடிவு வெளிவந்தது. சுகப்பிரசவம் இரண்டு பக்கமும் 44 சதவீதம். சாப்பிட்டதால் பிரசவம் சீக்கிரம் முடியவும் இல்லை, சாப்பிட்டதால் கெடுதல் வந்ததாகவும் தெரியவில்லை. அதாவது உங்கள் அம்மா சொல்கிற, "சாப்பிட்டால் சீக்கிரம் முக்கிப் பெத்துடலாம்" என்பதற்கும் பெரிய ஆதாரம் கிடையாது. வசதிக்காகவும், மயங்கி விழாமல் இருக்கவும், கிடக்கிற பெண்ணை மனுஷியாக நடத்தவும்தான் சாப்பாடு. உலக சுகாதார நிறுவனம் 2018-இல், சிக்கல் இல்லாத தாய்மார்கள் பிரசவ நேரத்தில் சாப்பிடலாம், குடிக்கலாம் என்றே பரிந்துரைத்துவிட்டது. 2020-இல் அவர்கள் கொண்டுவந்த பிரசவப் படிவத்தில், தாய் ஏதாவது குடித்தாரா என்று நர்ஸ் குறித்து வைக்கத் தனியாக ஒரு கட்டமே இருக்கிறது. என் காலத்தில் அந்தக் கட்டம் இருந்திருந்தால் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பேன் தெரியுமா! அமெரிக்கப் பிரசவ டாக்டர்கள் சங்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் இறுக்கம். தெளிந்த நீராகாரங்கள் சரி, கெட்டியான சாப்பாடு வேண்டாம் என்கிறார்கள். ஆக, உங்கள் நாத்தனார் சொன்னதும் பொய்யில்லை, உங்கள் டாக்டர் தயங்கினால் அதுவும் அநியாயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன், தனியார் மருத்துவமனையில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். அத்தனை பேரைத் தியேட்டருக்குக் கூட்டிப்போகிற ஊரில் மயக்க டாக்டர் பயப்படத்தான் செய்வார். அத்தனை பேரை ஏன் கூட்டிப்போகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

நான் உங்களுக்குச் சொன்ன ஏற்பாடு இதுதான். செவ்வாய் ராத்திரி 8 மணிக்குள் எப்போதும் போல் சாப்பாடு, ஆனால் எண்ணெயும் கறியும் இல்லாமல். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், எது பிடிக்குமோ அது. பிரியாணி, பூரி, முட்டை, வடை எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஓடிப்போகாது. புதன் காலை 6 மணிக்கு 2 இட்லி, துளி சட்னி. அத்தையின் நெய் சோற்றுக்கு மனசார ஒரு கும்பிடு, நெய் வயிற்றை விட்டு லேசில் இறங்காது. ஜெல் வைத்ததும் ஒரு மணி நேரம் போலப் படுக்க வைத்துப் பிள்ளையின் துடிப்பைப் பார்ப்பார்கள். அது நன்றாக இருந்து, நடக்க விட்டார்கள் என்றால், வார்டு சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மத்தியானம் குழைந்த சாதத்தில் மோர் ஊற்றிக் கொஞ்சம்.

சரியான வலி பிடித்து, கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்துவிட்டது என்றால், அப்போதிலிருந்து கெட்டியான சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். பசியும் அநேகமாக இருக்காது. அரிசிக் கஞ்சித் தெளிவு, இளநீர், பால் இல்லாத காப்பி, வடிகட்டிய பழச்சாறு. வலிக்கும் வலிக்கும் நடுவே இரண்டு மடக்கு. குடித்தால் நல்லது என்று லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம். ட்ரிப்ஸில் போடும் வலி மருந்து உடம்பில் தண்ணீரைத் தேக்கும், அதோடு வெறும் தண்ணீரும் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, மயக்கம், வலிப்புவரை போகலாம். தாகத்துக்குக் குடித்தால் போதும். சேலை முந்தானையில் மறைத்து எவர்சில்வர் தூக்கில் சாம்பார் சாதம் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் ஊட்டிவிடுகிற அம்மாக்களை நான் நூறு பேரைப் பிடித்திருக்கிறேன். ஊட்டியதற்கு நான் கோபப்பட்டதில்லை. ஒளித்ததற்குத்தான் கோபம். சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு என்று மயக்க டாக்டருக்குத் தெரிந்தால் அவர் அதற்குத் தக்கபடி பார்த்துக்கொள்வார். தெரியாமல் போவதுதான் ஆபத்து.

சில பேருக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே வேறு கணக்கு. ரத்தக்கொதிப்பு ஏறித் தலைவலி, கண் மங்கல் என்று வந்தவர்கள், பிள்ளையின் துடிப்பு ஏறி இறங்கிக்கொண்டிருப்பவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், ரத்தப்போக்கு இருப்பவர்கள், இரட்டைப் பிள்ளை, முன்பு சிசேரியன் ஆனவர்கள். இவர்கள் எந்த நிமிஷமும் தியேட்டருக்குப் போகலாம். இவர்களுக்கு டாக்டர், "வாயில் ஒன்றும் வேண்டாம்" என்றால் அதில் காரணம் இருக்கிறது, அம்மாமார்கள் தயவுசெய்து தூக்கைத் திறக்க வேண்டாம்.

ராஜபாளையத்துக்காரர் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். புதன் காலை எட்டரைக்கு முதல் ஜெல், மத்தியானம் இரண்டாவது, வியாழன் விடிகாலை ட்ரிப்ஸ், வியாழன் சாயங்காலம் 4 மணி 10 நிமிஷத்துக்குப் பெண் குழந்தை, 2 கிலோ 900. அந்த 2 இட்லியை முப்பது மணி நேரம் கழித்து நினைத்துக்கொண்டதாகச் சொல்லிச் சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு யாரும் கேட்டுச் சொல்லாததால் புதன் முழுக்கப் பட்டினி என்றார். அதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

கேள்வி: என் மனைவிக்குப் பிரசவத்தின்போது ராத்திரி முழுக்கக் குளுக்கோஸ் ஏறியது. "குளுக்கோஸ் போகுதே, சாப்பாடு எதுக்கு?" என்று கேட்டார்கள். அது சாப்பாட்டுக்குச் சமம்தானா?
வாசகர், சிவகாசி

பதில்: இல்லை. 5 சதவீதக் குளுக்கோஸ் 500 மில்லி பாட்டில் ஒன்றில் 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. வீட்டு டீஸ்பூனில் ஐந்தாறு ஸ்பூன், அவ்வளவுதான். அதுவும் நிறைய பாட்டிலில் உப்பு நீர்தான் இருக்கும், சர்க்கரையே இருக்காது. நம் ஊரில் எந்தப் பாட்டில் தொங்கினாலும் "குளுக்கோஸ்" என்றுதான் சொல்கிறோம். ட்ரிப்ஸ் தண்ணீர்ச் சத்தைக் காப்பாற்றும், மருந்து போட ஒரு வழியாக இருக்கும். வாய் காய்வதை அது தீர்க்காது. அதற்காக, "இன்னும் ரெண்டு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நச்சரிக்கவும் வேண்டாம். தாய்க்குச் சர்க்கரையை வேகமாக ஏற்றினால் பிள்ளையின் உடம்பு அதற்கேற்ப இன்சுலினைச் சுரந்துகொள்ளும், பிறந்த பிறகு பிள்ளைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். அடுத்த முறை (வாழ்த்துகள், இருந்தால்) நர்ஸிடம் கேட்க வேண்டிய கேள்வி: "ரெண்டு மடக்கு ஏதாவது குடிக்கக் கொடுக்கலாமா?"

கேள்வி: மருமகளுக்கு நாள் நெருங்குகிறது. சீரகக் கஷாயம் கொடுத்தால் சூட்டு வலியா நிஜ வலியா என்று தெரிந்துவிடும் என்று என் மாமியார் சொல்வார். விளக்கெண்ணெய் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் ஊசி போடாமலேயே வலி வரும் என்கிறார்கள். பேரீச்சம்பழம் வேறு தினமும் சாப்பிடச் சொல்கிறார்கள். எதைக் கொடுக்கலாம்?
ஒரு மாமியார், தேனி

பதில்: சீரகக் கஷாயம் கொடுங்கள். காற்றுப் பிடிப்பால் வந்த வலி என்றால் ஒரு தம்ளர் சூடாக உள்ளே போனதும் கொஞ்சம் அடங்கும், அந்த அளவில் உங்கள் மாமியார் சொன்னது சரி. ஆனால் கஷாயம் குடித்துப் பார்த்துக்கொண்டே ராத்திரியைக் கழிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். வலி ஒழுங்கான இடைவெளியில் வந்து, இடைவெளி குறைந்துகொண்டே போனால் நிஜ வலி. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ கஷாயம் கொதிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது முதலில் குடலைத்தான் கலக்கும். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கண் உள்ளே போய், நாக்கு வறண்டு, பிரசவம் தொடங்கும் முன்பே துவண்டுபோய் வந்து நிற்கிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நைட்டியில் எண்ணெய்க் கறை சொல்லிவிடும்.

பேரீச்சம்பழம் நல்ல பழம். ஜோர்டானில் கடைசி 4 வாரம் தினமும் 6 பழம் சாப்பிட்ட 69 பெண்களையும், சாப்பிடாத 45 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாப்பிட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வரும்போதே கர்ப்பப்பை வாய் கூடுதலாகத் திறந்திருந்தது, மருந்து வைத்து வலி வரவைக்க வேண்டிய தேவையும் குறைவாக இருந்தது. சின்ன ஆராய்ச்சி, அவரவர் இஷ்டப்படி சாப்பிட்டவர்கள், அதனால் இதை வைத்து சத்தியம் செய்ய முடியாது. சர்க்கரை இல்லை என்றால் மருமகளுக்குப் பிடித்த அளவு கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை. இன்சுலின் போடுகிறேன். 38 வாரத்தில் வலி வரவைக்கப் போகிறார்கள். சாப்பிடாமல் போனால் சர்க்கரை குறைந்துவிடுமே?
வாசகி, விருதுநகர்

பதில்: குறையும், அதனால்தான் உங்கள் விஷயத்தில் பொது விதி எதுவும் செல்லாது. முந்தின நாளே டாக்டரிடம் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: ராத்திரி இன்சுலின் எத்தனை யூனிட், காலை இன்சுலின் போட வேண்டுமா, காலைச் சாப்பாடு உண்டா. இன்சுலினைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறுவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான தவறு. பிரசவ வலி தொடங்கிய பிறகு மணிக்கொரு முறை விரலில் குத்திப் பார்ப்பார்கள், அதற்கேற்ப ட்ரிப்ஸும் இன்சுலினும் ஓடும். வழியில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டினால் வாயில் போட பையில் நாலு ஸ்பூன் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். பழச்சாறும் இளநீரும் நர்ஸைக் கேட்காமல் வேண்டாம்.

கேள்வி: எனக்குச் சிசேரியன் தேதி கொடுத்துவிட்டார்கள், காலை 10 மணிக்கு. முந்தின நாள் ராத்திரி 8 மணிக்கே நிறுத்தச் சொல்கிறார் அம்மா. காலையில் ஒரு காபிகூடக் கூடாதா? காபி இல்லாமல் எனக்குத் தலை வலிக்கும்.
வாசகி, நாகர்கோவில்

பதில்: இங்கே சட்டம் நிஜமானது, மீறக் கூடாது. ஆனால் அம்மா சொல்கிற அளவுக்கு நீளம் இல்லை. மயக்க மருந்து டாக்டர்கள் பொதுவாகப் போகிற கணக்கு: லேசான சாப்பாட்டுக்கு ஆபரேஷனுக்கு முன் 6 மணி நேரம், எண்ணெய் நெய் கறிக்கு 8 மணி நேரம் அல்லது அதற்கு மேல், தெளிந்த தண்ணீர் மாதிரியானவற்றுக்கு 2 மணி நேரம். 10 மணிக்கு ஆபரேஷன் என்றால் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு தோசை சாப்பிட்டுப் படுக்கலாம்.

காபியில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். பால் கலந்தால் அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம். வயிற்றுக்குள் போய்ப் பால் திரிந்து கெட்டியாகிவிடும். "ஒரு வாய் காபிதானே சிஸ்டர்" என்று குடித்துவிட்டு வந்து, ஆபரேஷன் மத்தியானத்துக்குத் தள்ளிப்போய், அதுவரை பட்டினி கிடந்தவர்கள் உண்டு. பால் விடாத கடுங்காப்பி 8 மணிக்குள் ஒரு தம்ளர் குடிக்கலாமா என்று உங்கள் மயக்க டாக்டரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். லிஸ்ட்டில் முந்தின கேஸ் இழுத்துக்கொண்டு உங்கள் நேரம் தள்ளிப்போனால், சும்மா படுத்திருக்காமல், தண்ணீர் குடிக்கலாமா என்று மறுபடி கேளுங்கள். நீங்கள் கேட்காமல் யாருக்கும் அது ஞாபகம் வராது.

கேள்வி: போன பிரசவத்தில் கடைசி நேரத்தில் வாந்தியாக எடுத்தேன். காலையில் சாப்பிட்ட உப்புமாதான் காரணம் என்று எல்லோரும் திட்டினார்கள். இந்த முறை ஒன்றுமே சாப்பிடாமல் போகட்டுமா?
வாசகி, சங்கரன்கோவில்

பதில்: மேலே சொன்ன அந்த லண்டன் கணக்கில், சாப்பிட்டவர்களில் 35 சதவீதம் பேர் வாந்தி எடுத்தார்கள், வெறும் தண்ணீர் குடித்தவர்களில் 34 சதவீதம். கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கிற நேரத்தில் சாப்பிட்டவருக்கும் வரும், பட்டினி கிடந்தவருக்கும் வரும். நாங்கள் வார்டில், "வாந்தி வந்துட்டா, பிள்ளை கிட்ட வந்துட்டு" என்று சொல்லிக்கொண்டே கிட்னி ட்ரேயை எடுத்துக்கொண்டு ஓடுவோம். உப்புமா மேல் பழி போட வேண்டாம். கூட வருகிறவரிடம் ஒரு சின்னத் துண்டும், வாய் கொப்பளிக்க ஒரு பாட்டில் தண்ணீரும் கொடுத்துவிடுங்கள்.